பச்சை மை கேட்கும் நூலகம் பொது நூலகம் அல்ல

பொது என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் ‘யாருக்குப் பொது?’ என்று கேட்பது நமக்குப் பழக்கமாக வேண்டும். பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுக் குளம் என்று அரசுப் பதிவேட்டில் எழுதியிருந்த இடங்களிலிருந்துதான் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் விரட்டப்பட்டார்கள். பதிவேட்டில் பொது, நடைமுறையில் ஊருக்குச் சொந்தம். பொது நூலகமும் இந்தக் கேள்விக்கு விலக்கு அல்ல.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் ஒரு வாரம் தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடக்கும். ‘சமூக வளர்ச்சியில் நூலகங்களின் பங்கு’ என்று தலைப்பு கொடுப்பார்கள். நூலகம் ஓர் அறிவுக் கோயில் என்று சொல்லிப் பிள்ளைகள் பரிசு வாங்கி வருவார்கள். அந்த உவமைதான் எனக்கு உறுத்துகிறது. கோயிலில் யார் எந்தப் படிவரை போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். நூலகத்தைக் கோயிலாக்கினால் அந்தப் படிகளும் கூடவே வந்துவிடும்.

நான் எழுதுவது புதுச்சேரி சாரத்திலிருந்து. உழவர்கரை நகராட்சிக்குள் வரும் பகுதி இது. காமராஜர் சாலையில் பெரிய கடைகளும் திருமண மண்டபங்களும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் போனால் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வாடகை வீடுகள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்க உட்கார வேண்டுமென்றால், மற்றவர்கள் வெளியே போக வேண்டும் அல்லது தூங்க வேண்டும். நூலகம் சமூகத்தை எப்படி வளர்க்கும் என்ற கேள்வியை இந்த வீடுகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நூல்களுக்குப் பஞ்சமில்லாத நகரம்

புதுச்சேரியில் புத்தகங்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1827-இல், பிரெஞ்சு ஆட்சியில், இங்கே பொது நூலகம் தொடங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் பிறந்த நூற்றாண்டான 1966-இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் பாரதி பூங்காவுக்கு அருகில் அது இயங்குகிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் பல்லாயிரம் ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆசிரம நூலகம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. பாரதியார் வாழ்ந்த வீடும் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவகங்களாக இருக்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை கடற்கரையை ஒட்டிய பழைய நகரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நகரத்தை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். ஆனால் நிறத்தின் கோடு மட்டும்தான் இங்கே இருந்தது என்று நினைப்பது பாதி வரலாறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1745-இல் இங்குள்ள சம்பா கோயிலில், சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. அதை அகற்றும் பேச்சு எழுந்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஒரே ஆண்டவர், ஒரே கூரை, நடுவில் சுவர்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசிய நாட்டின் ஆட்சி அந்தச் சுவரை என்ன செய்தது? 1819 ஜனவரி 6-இல் பிரெஞ்சு நிர்வாகம் ஓர் ஆணை வெளியிட்டது. இந்தியர்கள் முன்போலவே அவரவர் சாதியின் சட்டங்கள், வழக்கங்களின்படி நீதி பெறுவார்கள் என்று அதில் உறுதி கொடுத்தது. சாதியில் கை வைக்க மாட்டோம் என்று அரசே ஆண்ட சாதிகளுக்கு எழுதிக் கொடுத்த முறி அது. அந்த ஆணைக்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பொது நூலகம் வருகிறது. சாதிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த ஊரில் பொது என்ற பலகை எவ்வளவு தூரம் செல்லுபடியாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குளமும் நூலகமும்

பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தப் பலகையை உண்மையாக்கும் போராட்டம் 1920-களில் சூடுபிடித்தது. 1923-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிய குளங்கள், கிணறுகள், பள்ளிகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள் தீண்டத்தகாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது அது. அடுத்த ஆண்டு சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பொது இடங்களிலும் எல்லாச் சாதியினருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை நிறைவேற்ற வைத்தார். பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரிக்கு அது செல்லவில்லை. செல்லுபடியான இடங்களிலும் தீர்மானம் தானாக நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அதனால்தான் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துக்கொண்டு மகாடு சவுதார் குளத்தில் இறங்கினார். அந்தக் குளத்து நீர் மீதான வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் மகாடில் கூடியபோது அண்ணல் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தக் குளத்து நீரைக் குடிக்காவிட்டால் நாம் செத்துவிட மாட்டோம், மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்பதை நிலைநாட்டவே வந்திருக்கிறோம். நூலகத்துக்கும் இதை அப்படியே பொருத்தலாம். நூலகத்தில் படித்து வேலைக்குப் போவது முக்கியம்தான். ஆனால் அது மட்டும்தான் பயன் என்றால், வீட்டிலேயே புத்தகம் கொடுத்துவிடலாமே. நூலகம் கொடுப்பது புத்தகத்தைவிடப் பெரியது. அங்கே ஒரே மேசை, ஒரே மின்விசிறி, ஒரே நாளிதழ். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்தத் தெரு என்று கேட்காமல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் உட்கார முடிகிற இடம் நம் ஊர்களில் வேறு எத்தனை இருக்கிறது? டீக்கடை பெஞ்சுக்கே இரட்டைக் குவளை வரலாறு உண்டு.

சமூக வளர்ச்சி என்று அரசு சொல்லும்போது சாலையையும் சாக்கடையையும் எண்ணுகிறது. சாதியால் பிளந்து கிடக்கும் மக்கள் கூட்டத்தில், பிளவுகளைத் தாண்டி மனிதர்கள் சந்திக்கும் இடங்கள் கூடுவதுதான் முதல் வளர்ச்சி.

வாசலில் நிற்கும் நிபந்தனைகள்

இன்று எந்த நூலகமும் ‘உனக்கு அனுமதியில்லை’ என்று எழுதி வைப்பதில்லை. விதிகள் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

பதினோராம் வகுப்பு படித்தபோது நகரத்தில் ஒரு நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் போனேன். விண்ணப்பத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்றார்கள். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர். என் அப்பா கொத்தனாரிடம் சித்தாளாக வேலை பார்த்தவர். எங்கள் தெரு முழுக்கத் தேடினாலும் பச்சை மை கிடைக்காது. என்னோடு படித்த ஒருவனின் தாய்மாமன் அரசு அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்தார். அவனுக்கு ஒரே நாளில் அட்டை வந்துவிட்டது. அவன் அட்டையில்தான் ஓராண்டு காலம் புத்தகம் எடுத்துப் படித்தேன். அவன் எடுத்ததைவிட நான் எடுத்தது அதிகம்.

அந்த விதியை எழுதியவர் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார். புத்தகம் தொலைந்தால் யாரைப் பிடிப்பது என்றுதான் யோசித்திருப்பார். ஆனால் ஒரு குடும்பத்துக்கு உயர் அலுவலர் ஒருவரைத் தெரியுமா தெரியாதா என்பது எதைப் பொறுத்தது? மூன்று தலைமுறையாக யார் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதைப் பொறுத்தது. பச்சை மை அளப்பது நேர்மையை அல்ல, சொந்தபந்தத்தை. இந்த நாட்டில் சொந்தபந்தம் சாதிக்குள்தான் இருக்கிறது.

இருப்பிடச் சான்றும் அப்படித்தான். வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்காத வீட்டுக்காரர்கள் இருக்கும் பகுதிகளில் அதைக் கேட்பது கதவைச் சாத்துவதற்குச் சமம். புதுச்சேரியில் இருப்பிடம் என்பதே புண். 1964-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து, யார் பூர்வீக அட்டவணைச் சாதியினர், யார் குடிபெயர்ந்து வந்தவர் என்று நம் மக்களையே இரண்டாகப் பிரிக்கும் பிரச்சினை இங்கே பல ஆண்டுகளாக நீடிக்கிறது. சாதிச் சான்றுக்கு அலைந்து களைத்த குடும்பத்திடம் நூலகமும் இன்னொரு தாளைக் கேட்கலாமா?

அடுத்தது நேரம். தொழிலாளி வேலைக்குப் போன பிறகு திறந்து, அவர் திரும்பி வந்து குளித்து முடிப்பதற்குள் மூடினால், அது யாருடைய நாளைக் கணக்கிட்டுப் போட்ட நேரம்? அடுத்தது கழிப்பறை. நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்களே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பெண்களுக்குப் படிக்க ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தண்ணீர் வரும் கழிப்பறையும் இருட்டிய பிறகு வீடு திரும்பத் தெருவிளக்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கடுத்தது அலமாரி. அண்ணலின் எழுத்தும் பேச்சும் தமிழில் 37 தொகுதிகளாக வந்திருக்கின்றன. எத்தனை கிளை நூலகங்களில் அவை முழுமையாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன? அயோத்திதாசரும் பாமாவின் ‘கருக்கு’ம் இருக்கின்றனவா? ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு இருக்கிறதா, இருந்தால் பூட்டிய கண்ணாடி அலமாரியிலா? தன் தெருவின் வரலாறு ஒரு புத்தகத்திலாவது இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளை அடுத்த நாளும் நூலகத்துக்கு வரும்.

காலனிக்கு ஒரு நூலகம் போதுமா?

இங்கே நம் இயக்கத்துக்குள்ளேயே பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. நூலகம் கேட்டு மனு கொடுத்தால் அதிகாரிகளுக்கு எளிதான விடை ஒன்று கையில் இருக்கிறது. காலனி ஓரத்தில் ஒரு கட்டடம், வாசலில் அண்ணலின் படம், உள்ளே இரண்டு அலமாரி. புதுச்சேரிக் கிராமங்களில் ‘பேட்’ என்று அழைக்கப்படும் நம் குடியிருப்புகளிலும் இதுதான் நடக்கும். நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஊர்த் தெருவிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்பது கட்டுகிறவர்களுக்கும் தெரியும். ஊருக்குள் இருக்கும் நூலகத்துக்கு நம் பிள்ளைகள் போவதும் அதோடு குறையும். ‘உங்களுக்குத்தான் அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்களே’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

இதே தந்திரத்தை அமெரிக்கக் கருப்பின மக்கள் நமக்கு முன்பே பார்த்தவர்கள். 1939 ஆகஸ்ட் 21 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரில், கருப்பின இளைஞர்கள் ஐந்து பேர் வெள்ளையருக்கான பொது நூலகத்துக்குப் போனார்கள். உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாகப் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. இதைத் திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர். நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? நூலகக் கதவைத் திறக்கவில்லை. அவசர அவசரமாக 1940-இல் கருப்பின மக்களுக்கென்று தனியாக, சிறியதாக ஒரு நூலகம் கட்டியது. டக்கர் அதில் உறுப்பினராக மறுத்துவிட்டார். அவர் கேட்டது ஊர் நூலகத்தின் அட்டையை.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி பழையதல்ல. நாங்குநேரியில் 2023-இல் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற தனி அடையாளங்களை நீக்கி, எல்லாவற்றையும் அரசுப் பள்ளி என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பள்ளிக்கு அது சரி என்றால் நூலகத்துக்கும் சரி. 

அப்படியென்றால் நம் படிப்பகங்கள் வேண்டாமா என்று தோழர்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். கீற்றுக் கொட்டகையில் ஒரு பெஞ்சும் இரண்டு நாளிதழும் போட்டு நடத்திய படிப்பகங்களும், அரிக்கேன் விளக்கில் நடந்த அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளும் இல்லாமல் நம்மில் பலர் இங்கே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்களுக்கு ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு விவாதித்த இடங்கள் அவை. அவை நம் இயக்கத்தின் சொத்து. நம் காசில், நம் பொறுப்பில், நம் அரசியலோடு நடக்க வேண்டியவை. ஆனால் படிப்பகம் இருப்பதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து நழுவக்கூடாது. படிப்பகம் நாம் கட்டுவது, பொது நூலகம் நமக்குச் சேர வேண்டியது. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை வாங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே நம் கோரிக்கையில் இடம் பற்றிய ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். நூலகம் ஊரும் சேரியும் சந்திக்கும் பொதுச் சாலையில், பேருந்து நிறுத்தத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ அருகில் இருக்க வேண்டும். நகரத்தில் என்றால், யாருடைய தெருவையும் கடந்து அனுமதி கேட்பதுபோல் போக வேண்டாத இடத்தில் இருக்க வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் நூலகத் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் தொடங்கி வைத்த மாட்டு வண்டி நூலகத்தைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். எந்த நடமாடும் நூலகம் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வண்டி எந்தத் தெருவில் நிற்கும்?

கைப்பேசி இருக்கிறதே?

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் வீட்டில் தனி அறை இருக்கும். கைப்பேசி புத்தகத்தைக் கொடுக்கலாம், உட்கார இடம் கொடுக்காது. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டால் அது யார் கையில் இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்பு நடந்த விதத்தை மறந்துவிடவில்லை.

இன்னொரு போக்கும் இருக்கிறது. நூலகம் என்றாலே போட்டித் தேர்வு மையம் என்று ஆகிவருகிறது. காலையிலேயே வந்து இடம்பிடித்து, பொது அறிவு வினா விடையை மனப்பாடம் செய்யும் தம்பி தங்கைகளைக் குறை சொல்ல மாட்டேன். அரசு வேலைதான் நம் வீடுகளின் விதியை மாற்றியது. ஆனால் கதை படிக்க வரும் எட்டு வயதுக் குழந்தையும், நாளிதழ் பார்க்க வரும் துப்புரவுத் தொழிலாளியும், விண்ணப்பம் எழுத உதவி தேடி வரும் அம்மாவும் இடைஞ்சல் என்று கருதப்பட்டால் அது நூலகம் அல்ல, பயிற்சிக்கூடம். அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பாதுகாத்து வைப்பதற்கல்ல என்பதுதான் அதன் பொருள். எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்பதை நாம் அதோடு சேர்த்துப் படிக்கிறோம்.

என்ன கேட்க வேண்டும்?

பணம் இல்லை என்பார்கள். தமிழ்நாட்டில் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது. அங்கே சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. அந்த வரியை வீட்டு உரிமையாளர் கட்டுவதாகத் தோன்றும். வாடகையில் அதைக் கட்டுவது குடியிருப்பவர்தான். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்கு முழுதாகக் கொடுக்காமல் நிலுவை வைப்பது அங்கே பழைய புகார். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதும் தெரிந்ததே. கட்டடம் திறப்பது ஒரு நாள் விழா. நூலகரை நியமித்துச் சம்பளம் கொடுப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. வரவு செலவுத் திட்டத்தில் இரண்டாவதைப் பாருங்கள்.

புதுச்சேரியில் பொது நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 12,47,953 பேர் வாழும் சிறிய ஒன்றியப் பகுதி இது. அவர்களில் சுமார் 16 விழுக்காட்டினர் அட்டவணைச் சாதியினர். இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் எந்தக் குடியிருப்பிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் ஒரு நூலகம் என்பது நடக்கக்கூடிய காரியம்தான். இத்துறையிடம் நாம் கேட்க வேண்டியவை:

உறுப்பினராகச் சேர பச்சை மையும் வைப்புத் தொகையும் பிணையாளரும் கேட்கக்கூடாது. பெயரும் முகவரியும் சொன்னால் அட்டை கொடுக்க வேண்டும். தில்லியில் ‘கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட்’ நடத்தும் நூலகங்கள் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாமல் புத்தகம் கொடுத்து வருகின்றன. தன்னார்வ அமைப்பு செய்வதை அரசால் ஏன் செய்ய முடியாது? 

இரவு ஒன்பது வரையும் ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறையும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியும் வேண்டும். நூலகர் பணியிடங்களை இட ஒதுக்கீட்டோடு நிரந்தரமாக நிரப்ப வேண்டும். நூல் வாங்கும் குழுவில் பட்டியல் சாதியினரும் பெண்களும் உட்கார வேண்டும். புதிய நூலகம் எங்கே அமைகிறது என்பதை அந்தப் பகுதி மக்களைக் கூட்டிக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இளைய தோழர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதி நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினர் விண்ணப்பம் ஒன்றை வாங்கி, அதில் என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று பாருங்கள். திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து பாருங்கள். அம்பேத்கர் தொகுதிகளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று நூலகரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவரே மனம்விட்டுச் சொல்வார், ஏனென்றால் ஆள் பற்றாக்குறையில் அவரும் தவித்துக்கொண்டிருப்பார். இந்த விடைகளை ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுத் துறைக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அதற்குப் பச்சை மை தேவையில்லை. நீல மை போதும்.